வெற்றுத்தாள் பயணச்சீட்டு

நான் கலந்துகொண்ட விருந்துகளிலேயே மனம் நிறைந்து மகிழ்ந்த விருந்து எது என்று யாராவது கேட்டால், சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். நினைக்கும்போதெல்லாம் கோபம் தலைக்கேறும் நாள் எது என்று கேட்டாலும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டும் ஒரே நாளாக ஆனது எப்படி என்பதை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. படித்து முடிக்கும்போது அது விளங்கும்.

திருவனந்தபுரத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் வட்டம் ஒன்று இருக்கிறது. முப்பது பேர் இருப்போம். மாதக் கூட்டங்களில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்வோம். ஆண்டு விருந்தில் மட்டும் ஒருவரை ஒருவர் விரும்புவோம். அந்த விருந்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வேடம் உண்டு. ஓர் ஆண்டு நீதிமன்றம். மறு ஆண்டு கல்யாண வீடு. கவிஞர்கள் பெண் வீட்டார், கதைக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டார். பந்தியில் இரண்டாவது அப்பளம் வரவில்லை என்று கதைக்காரர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து போனது நடிப்பா நிஜமா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. சென்ற தை மாதத்து வேடம், நாகர்கோவில் போகும் ரயில் பெட்டி.

அந்த வட்டத்தில் நான் எழுத்தாளராகச் சேரவில்லை. நான் பேச்சாளர். பள்ளியில் தொடங்கி பல்கலைக்கழகம் வரை மேடையேறி, கொடுத்த பக்கத்துக்கெல்லாம் வாதாடி, பெரும்பாலும் வென்றவள். வட்டத்தின் பட்டிமன்றம் ஒன்றுக்கு என்னை அழைத்தார்கள்: நிலைத்து நிற்பது பேச்சா, எழுத்தா? சீட்டுக் குலுக்கியதில் எனக்கு எழுத்து விழுந்தது. ஒரு வரிகூட எழுதாத நான் எழுத்துக்காக வாதாடி வென்றேன். அன்று நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்குக் கூடம் அதிர்ந்தது: “பேசியவர் தம் சொல்லைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார், எழுதியவரோ கையெழுத்திட்டுத் தமக்கென்று வாங்கிக்கொண்டார்.” அந்த வாக்கியத்தில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை. ஆனால் அதைச் சொன்ன குரலில் எனக்குப் பெருமை இருந்தது. அந்த வெற்றியின் பேரில்தான் என்னை வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

வலியசாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். அதைத்தான் பெட்டியாக்கியிருந்தார்கள். பெஞ்சுகள் எதிரெதிரே. அட்டையில் வெட்டிய ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே, தென்னைமரங்கள் வரைந்த பழைய வேட்டி ஒன்றை இரண்டு கவிஞர்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவார்கள். மரங்கள் பின்னோக்கிப் போகும். ரயில் முன்னோக்கிப் போவதாக நாங்கள் ஆடிக்கொண்டிருப்போம். பாலராமபுரம் நிலையம் வருவதற்குள் ஒரு கவிஞருக்கு மூச்சு வாங்கி, வேட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ரயில் பாதி வழியில் நின்றுபோனதற்குப் பயணிகள் முறைப்படி நிர்வாகத்தைத் திட்டினார்கள்.

மேசைமேல் மேசை ஏற்றி மேல்படுக்கை ஒன்று செய்திருந்தார்கள். அதில் ஏறிய நாவலாசிரியர் ஒருவர் உண்மையாகவே தூங்கிவிட்டார். அவருடைய குறட்டைக்கு நடுவே கதை படிக்க நேர்ந்த இருவர் இப்போதும் அவரோடு பேசுவதில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் நிலைய அறிவிப்புச் செய்தார். விமர்சகர் ஒருவர், வர வேண்டிய நேரத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தி வந்துகொண்டிருப்பதாகவும், அதனால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை என்றும் ஆசிரியை அறிவித்தபோது பெட்டி குலுங்கியது. சாயா வந்தது, பழம்பொரி வந்தது, இலையில் கட்டி நூல் சுற்றிய எலுமிச்சஞ்சாதம் வந்தது. அப்படிச் சிரித்து எனக்கு அதற்கு முன் பல மாதங்கள் ஆகியிருந்தன. என் தந்தை இறந்த ஆடி மாதத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பெட்டியில்தான்.

விருந்தின் சட்டம் இதுதான். ஒவ்வொரு பயணியும் தம் கையால் எழுதிய, எங்கும் வெளியாகாத ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். அதுதான் பயணச்சீட்டு. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் அதைப் படிக்க வேண்டும். படிப்பதற்கு முன்பே பரிசோதகர் வந்து தாளில் துளையிடுவார்; படித்த பின் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். பையில் சேர்ந்த தாள்கள் வட்டத்தின் ஆண்டு மலரில் அச்சாகும். தாள் இல்லாதவர் பாட்டுப் பாட வேண்டும்.

பரிசோதகர், எங்கள் வட்டத்தின் செயலாளர். சிறுகதை எழுதுகிறவர், அரசு அலுவலகம் ஒன்றில் பொறுப்பான பதவியில் இருப்பவர், திருநெல்வேலியிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். எங்கிருந்தோ கறுப்புக் கோட்டு ஒன்றும் தொப்பியும் கொண்டுவந்து அணிந்திருந்தார். தாளில் துளையிட, அலுவலகக் கோப்புகளுக்குத் துளை போடும் கருவியையே கையோடு எடுத்து வந்திருந்தார்.

என் கையில் தாள் இருந்தது. அதில் எழுத்து இல்லை. இதை நான் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேடுகளுக்கும் அதுவே வாசல். நான் பேச்சை எழுதுவதில்லை. ஆனால் தாள் இல்லாமல் மேடையேறுவதும் இல்லை. கையில் தாள் இருந்தால் விரல்கள் அலையாது. பேச்சின் நடுவே அதைக் குனிந்து பார்த்தால், அடுத்து ஏதோ ஆதாரம் வரப்போகிறது என்று அவை நிமிர்ந்து உட்காரும். பத்தாண்டுகளாக வெற்றுத்தாளைப் பார்த்துப் பார்த்து நான் பேசியிருக்கிறேன்; எதிரணியில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை. எழுதி வைத்துப் படிப்பவர்கள்மேல் எனக்கு உள்ளூர இளப்பம். அந்தத் திமிரோடுதான் விருந்துக்கும் போயிருந்தேன்.

பரிசோதகர் என் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “குட்டி, இது வித்தவுட் ஆச்சே.”

“என் டிக்கெட் வாயில இருக்கு, சார்.”

அவர் சிரித்தார். “சரி சரி. உன் பேருக்கு ஒரு ஓட்டை,” என்று வெற்றுத்தாளில் துளையிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காக அன்று அவர்மேல் எனக்கு அன்பு பெருகியது. அதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரயில் நிலைய அறிவிப்புகளைப் பற்றிய நகைச்சுவைப் பேச்சு ஒன்றைத்தான் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். என் முறை பாறசாலைக்கும் குழித்துறைக்கும் நடுவே. எழுந்து நின்றபோது எதிர்ப் பெஞ்சில் ஒரு கைக்குட்டை கண்ணில் பட்டது. கவிஞர் ஒருவர், பின்னால் வரவிருந்த மனைவிக்காக இடம் பிடித்து, ஜன்னலோரத்தில் அதை விரித்து வைத்திருந்தார். நான் அடுக்கி வைத்ததெல்லாம் அந்தக் கணத்தில் என்னை விட்டுப் போயிற்று. எவரிடமும் சொல்லாத ஒன்று வாயில் வந்தது.

நாங்கள் கரமனையில் வசிக்கிறோம். என் தந்தைக்கு நாகர்கோவிலில் அலுவலக வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் காலைப் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போய்வந்தார். முன்னிருந்து மூன்றாவது பெட்டி, இடப்பக்க ஜன்னல், ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டிய இருக்கை, எதிர்க்காற்று பட்டால் அவருக்குக் காது வலிக்கும் என்பதால். கூடப் போகிறவர்கள் பத்துப் பதினொரு பேர் அவரைச் சாமி என்று கூப்பிடுவார்கள். முதலில் ஏறுகிறவர் மற்றவர்களுக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பது அவர்கள் வழக்கம். தந்தை இறந்து மூன்று வாரம் கழித்து, அலுவலகத்தில் சில காகிதங்களைக் கொடுப்பதற்காக நான் அதே ரயிலில் போனேன். அந்தப் பெட்டியையும் அந்த ஜன்னலையும் பார்க்க வேண்டும் என்று ஏறினேன். இருக்கையில் கைக்குட்டை விரித்திருந்தது. நான் அதன் பக்கத்தில் போனதும், எதிரே இருந்த பருத்த மனிதர், தடுக்கிற கையோடு, “அது சாமிக்குள்ள சீட்டு. ஆள் வரும்,” என்றார்.

ஆள் இனி வராது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஐந்நூறு பேர் நிறைந்த அரங்கில் நடுவரையே மடக்கியவள் நான். மூன்று சொல் போதும். அவை வரவில்லை. குழித்துறைவரை நின்றேன், அந்தக் கைக்குட்டை காற்றில் படபடப்பதையும், அவர் அதை ஒவ்வொரு முறையும் நீவி விடுவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன், பிறகு இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறிக்கொண்டேன். அவர்களுக்கு இன்னும் தெரியாது. இவ்வளவுதான் நான் சொன்னது. குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. தாளை மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்தேன், பழக்கத்தில்.

கைதட்டல் எழவில்லை. வெளியே ஓடிக்கொண்டிருந்த கவிஞர்கள் தென்னைமரங்களைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். மேல்படுக்கையில் நாவலாசிரியர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் தொப்பியைக் கழற்றியிருந்தார். கணித ஆசிரியை, ஒரே ஒரு மொழியில், மெதுவாக, “குழித்துறை” என்றார். நான் வாங்கிய கைதட்டல்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, அந்தக் கைதட்டாத அரை நிமிடத்தை மறுதட்டில் வைத்தால், எனக்கு இரண்டாவது தட்டே போதும். அன்று எனக்குக் கிடைத்தது அதுதான். அதைத்தான் என்னிடமிருந்து எடுத்தார்கள்.

பங்குனியில் மலர் வந்தது. விருந்தில் படித்தவர்களின் பக்கங்கள் வரிசையாக இருந்தன. நடுவே செயலாளரின் பெயரில் நான்கு பக்கச் சிறுகதை. முதல் வரியில் ரயில். இரண்டாவது பத்தியில் கைக்குட்டை. மூன்றாவதில் என் தந்தையின் காது வலி. என் பெயர் எங்கும் இல்லை. விருந்தின் சட்டப்படி வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட என் வெற்றுத்தாளின் மேல் அவர் தம் எழுத்தை நிரப்பிக்கொண்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெயர் போனதற்காக மட்டும் நான் இவ்வளவு கொதிக்கவில்லை. அவர் அந்த மகளுக்கு ஒரு பேச்சைக் கொடுத்திருந்தார். நான் வாயடைத்து நின்ற அதே இடத்தில், அவருடைய கதையில் மகள் நிமிர்ந்து நின்று ஒரு பக்கம் முழங்குகிறாள். மரணம் என்பது நாம் இறங்க வேண்டிய நிலையம் மட்டுமே என்கிறாள். நான் பதினைந்து வயதில் கைவிட்ட உவமை அது. பெட்டியே கண்ணீர் விடுகிறது. பதின்மூன்றாம் நாள் பதினொரு பேரும் வீட்டுக்கு வந்து, அந்தக் கைக்குட்டையைத் தந்தையின் படத்துக்கு முன் வைத்து வணங்குகிறார்கள். என் வாழ்நாளில் நான் பேசாமல் நின்ற ஒரே இடத்தை அவர் பேச்சால் அடைத்துவிட்டார். நான் ஆயிரம் மேடைகளில் ஊதிய சங்கை, ஊத முடியாமல் நின்ற அந்த ஒரு கணத்திலும் என் வாயில் திணித்துவிட்டார்.

மலரை மேசைமேல் எறிந்துவிட்டு வேலைக்குப் போனேன். வெற்றுத்தாளுக்கு அடுத்து, அது என் இரண்டாவது தவறு. மாலை திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடி அணிந்தபடி அதே பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கதையையும் படிக்காதவள். திசைக்கு முதுகு காட்டிய இருக்கை என்ற வரியில் விரலை வைத்திருந்தாள்.

“ஏண்டி, இது அப்பாதானே?”

ஆம் என்றேன். விருந்தில் சொன்னதையும், செயலாளர் அதை எழுதிக்கொண்டதையும் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

“அப்போ ரயில்ல கூடப் போறவாளுக்கெல்லாம் விஷயம் தெரியும். இருபத்திரண்டு வருஷம். தெரிஞ்சும் ஒருத்தர்கூட ஆத்துக்கு வரலையேடி.”

ரயிலில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பேச்சும் வணக்கமும் எழுதியவர் கூட்டியது என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. அச்சில் இருப்பதில் பாதியாவது நடந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவர்களுக்குத் தெரிந்தும் அவர்கள் வரவில்லை, அந்த வருத்தத்தை மறைக்கவே நான் இப்போது பொய் சொல்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். நான் மேலும் பேசப்பேச அவளுடைய சந்தேகம் உறுதியாயிற்று. பேச்சில் நான் கெட்டிக்காரி என்பதே எனக்கு எதிரான சாட்சியாயிற்று. கடைசியில் அவள் சொன்னாள்: “ஊர் ஊரா மைக்கைப் பிடிச்சுண்டு பேசற. அவாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு எழலைன்னு சொன்னா யாருடி நம்புவா?”

அன்றிலிருந்து அவள் தந்தையின் பழைய டிபன் பெட்டியைத் துலக்குவதை நிறுத்திவிட்டாள். அதுவரை, பயன்படாமல் இருந்தாலும், வாரம் ஒருமுறை துலக்கிக் கவிழ்த்து வைப்பாள். அந்தப் பெட்டியிலிருந்து தோசையும் மிளகாய்ப்பொடியும் பதினொரு பேர் எடுத்துத் தின்றிருக்கிறார்கள். அவர்களுக்காகவே நான்கு தோசை கூடுதலாக வார்த்தவள் அவள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது. அச்சை நம்புகிற என் அம்மாவுக்கு, அச்சில் ஒரு வரி: கதையின் கடைசிப் பகுதி நடந்ததல்ல. சித்திரை மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். செயலாளர் சிறிதும் பதறவில்லை. அவர் முகத்தில் குற்ற உணர்வின் நிழல்கூட இல்லை. உதவி செய்தவரின் நிறைவுதான் இருந்தது.

“பேர் வேணும்னா அடுத்த இதழ்ல போட்டுடலாம், கேட்டோ. கரு தந்து உதவியதுன்னு ஒரு வரி.”

“பேர் வேண்டாம், சார். கடைசிப் பக்கம் நடக்கலைன்னு போடுங்க.”

“கதையில நடக்கலைன்னு ஆராவது போடுவாங்களா? முடிவு இல்லாம நீ விட்டுட்டுப் போனே, குட்டி. நான் முடிச்சேன். நான் எழுதலைன்னா அது அன்னைக்கே போயிருக்கும்.”

அது என் தந்தை, உங்கள் கரு அல்ல என்றேன். நான் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிச் சொன்னார்: பேசியவர் தம் சொல்லைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்; எழுதியவரோ கையெழுத்திட்டுத் தமக்கென்று வாங்கிக்கொண்டார். பிறகு, “நீ தந்தது வெறும் பேப்பர் அல்லே?” என்றார்.

கூடம் சிரித்தது. தென்னைமரங்களைத் தாழ்த்திப் பிடித்த அதே கவிஞர்கள் சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால், அது நல்ல அடி. எதிரணியில் வேறு யாராவது அப்படி அடித்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். நம்பாத ஒன்றை வெல்வதற்காகச் சொல்லிவிட்டு, அதன் விலையை இரண்டு ஆண்டு கழித்துக் கூட்டத்தின் நடுவே நின்று கொடுத்தேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, கைதட்டலுக்காகக் கொடுத்த பக்கத்துக்கெல்லாம் வாதாடிய என் நாக்கின்மேலும் அவ்வளவு கோபம். உட்கார்ந்தேன். அடுத்ததாக யாரோ ஹைக்கூ படித்தார்கள்.

அச்சு வராது என்று ஆன பிறகு, எனக்கு ஒரு வழிதான் இருந்தது. ஆடி மாதம் சொல்லாமல் விட்ட மூன்று சொல்லைப் போய்ச் சொல்வது. சொன்னால் அவர்களில் ஒருவராவது வீட்டுக்கு வரக்கூடும். அம்மா நேரில் கேட்டுக்கொள்வாள். ஆனால் அதிலும் எனக்கு எரிச்சல். நான் சொல்லி, அவர்களும் வந்துவிட்டால், செயலாளர் புனைந்த முடிவை நானே உண்மையாக்கிக் கொடுத்ததாக ஆகும். இரண்டு நாள் இதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலை திருவனந்தபுரம் சென்ட்ரலில் பாசஞ்சர் ஏறினேன். கையில் எந்தத் தாளும் எடுத்துப் போகவில்லை.

மூன்றாவது பெட்டி. இடப்பக்க ஜன்னல். கைக்குட்டை இருந்தது.

ஒன்பது மாதம் கழித்தும் அது அங்கே இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதே பருத்த மனிதர் எதிரே இருந்தார். மடியில் ஒரு சூட்கேசும் அதன்மேல் சீட்டுக்கட்டும். நான் நெருங்கியதும் அவர் கை முன்போலவே நீண்டது. அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். சாமி என் அப்பா என்றும், ஆடி மாதமே இறந்துவிட்டார் என்றும், போனமுறை வந்தபோது சொல்ல முடியாமல் போய்விட்டது என்றும், நான் வாழ்க்கையில் பேசியதிலேயே அவலட்சணமாகத் தடுமாறிய மூன்று வாக்கியங்களில் சொன்னேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “சாமிடெ மோளா? நெத்தி அதேதான்.” பிறகு சொன்னார்: “அறியும், மோளே. மறுநாளே மலையாளம் பேப்பர்ல போட்டோ கண்டோம்.”

தெரியும். ஆடி மாதம் நான் நின்றபோதே தெரியும். ஆள் வரும் என்று சொன்னபோதே, ஆள் வராது என்று அவருக்குத் தெரியும்.

பின்னே எதற்கு இந்தக் கைக்குட்டை என்று கேட்டேன். அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் சட்டென்று வேறொருவர் உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்குப் பார்க்கச் சகிக்காது, ஒரு வருஷம் போகட்டும் என்று பேசி வைத்தோம் என்றார். கேட்பவர்களிடம் எல்லாம் விளக்கம் சொல்ல முடியுமா, அதனால் ஆள் வரும் என்று சொல்லிவிடுவோம் என்றார். பக்கத்தில் இருந்தவர், எல்லோரும் நம்பி நகர்ந்துவிடுகிறார்கள், நீயும் நகர்ந்தாய் அல்லவா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மாவின் கேள்வியையும் கேட்டேன். பருத்த மனிதர் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“வந்தோம். மூணு பேர். பேப்பர்ல வீடு போட்டிருந்தது. நல்ல மழை, மூணு பேருக்கும் ஒரு குடை. உள்ள வாத்தியாரு, சடங்கு. வீட்டுக்குள்ள கேறி ஆரோடு என்ன பேசன்னு தெரியலை. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்னுட்டு மடங்கிப் போயிட்டோம்.”

பிறகு அவர் கைக்குட்டையை எடுத்தார். கழுத்தைச் சுற்றி ஒருமுறை வியர்வையைத் துடைத்து, சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, “இரி. பாறசாலை கழியாம கூட்டம் குறையாது,” என்றார். உட்கார்ந்தேன். திசைக்கு முதுகு காட்டிய இருக்கையில், வந்த வழி எனக்கு எதிரே விலகிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அழவில்லை. யாரும் முழங்கவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்து எனக்கும் ஒரு கை போட்டார்கள். மூன்று ஆட்டத்திலும் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை வாதாடவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். ஒரு குடை என்றதும் அவள் தலை நிமிர்ந்தது. “எதிர்த்தாப்பல மூணு பேர் நனைஞ்சுண்டு நின்னாளே. பக்கத்தாத்துக்கு வந்தவான்னு நினைச்சேன்.” “உள்ள கூப்பிட்டு ஒரு வாய் காப்பி குடுத்திருக்கலாம்,” என்றாள். பிறகு எழுந்து போய் டிபன் பெட்டியைத் தேய்க்கப் போட்டாள். எந்த அச்சும் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

அவளுக்குத் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. மலர் இன்னும் நூலகங்களில் இருக்கிறது. அதில் பதினொரு பேர் இன்னும் என் தந்தையின் படத்துக்கு முன் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குடைக்குக் கீழே மூன்று பேர் நின்றது அதில் இல்லை. அன்று கூடத்தில் நான் சொன்னதிலும் ஒரு பிழை இருந்தது: அவர்களுக்குத் தெரியாது என்றேன். அது என் பிழை. தெரியாமல் செய்த பிழை. நானே திருத்தியிருப்பேன். என் பிழையைத் திருத்தும் உரிமையைக்கூட ஒருவர் தம் பெயரில் அச்சிட்டு மூடிவிட்டார் என்பதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

இந்த ஆண்டு விருந்துக்கு அழைப்பு வந்துவிட்டது. வேடம், தபால் நிலையம். பயணச்சீட்டுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் கையால் எழுதிய ஒரு கடிதம் கொண்டுவர வேண்டுமாம். தபால்காரர், செயலாளர்தான். போவேன். அந்தக் கூடத்தை நான் இன்னும் விரும்புகிறேன். அதை அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. குடையையும் கழுத்தைத் துடைத்த கைக்குட்டையையும் பற்றி அவரிடம் இதுவரை மூச்சு விடவில்லை. பத்தாண்டுகளில் முதல்முறையாக எழுதிய தாளோடு போகிறேன்: இரண்டு பக்கமும், மேலும் கீழும், ஓரம்கூட விடாமல், இன்னொருவர் ஒரு சொல்லைச் சேர்க்கவும் இடமில்லாதபடி.